கால் வீக்கம்: காரணம் அறிவோம், பாதம் காப்போம்

"கால் வீங்கியிருக்கிறது" என்னும் முறையீட்டைக் கேளாமல் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு நாளும் கழிவதில்லை. நாள் முழுதும் வயலில் நின்றவர், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண், சர்க்கரை நோயாளர், இரத்த அழுத்த மாத்திரை உண்ணும் முதியவர் எனப் பலரும் இதே சொல்லோடு வருகின்றனர். சொல் ஒன்றாயினும் காரணம் ஒன்றன்று. கால் வீக்கம் தனியொரு நோயன்று. உடலின் வேறோர் இடத்தில் நிகழும் குறையைக் கால் வெளிப்படுத்துகிறது என்பதே பெரும்பாலும் உண்மை.

இது புரியாமையால் இரு தவறுகள் நேர்கின்றன. "வயதானால் வருவதுதானே" என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவது ஒன்று. மருந்துக் கடையில் நீர் பிரியும் மாத்திரையைக் கேட்டு வாங்கித் தாமே விழுங்குவது மற்றொன்று. இவ்விரண்டையும் தவிர்த்து, காரணத்தை எவ்வாறு அறிவது, அறிந்தபின் வீட்டிலேயே காலை எவ்வாறு பேணுவது என்பதை நோயாளர்களுக்கும் குடும்பத்தாருக்கும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கால் ஏன் வீங்குகிறது?

இதயம் அனுப்பும் இரத்தம் தமனிகள் வழியே பாதம் வரை இறங்குகிறது. அங்குள்ள நுண்குழாய்களிலிருந்து சிறிதளவு நீர் திசுக்களுக்குள் கசிவது இயல்பு. அந்நீரின் பெரும்பகுதியை நிணநீர்க் குழாய்கள் உறிஞ்சி மேலே கொண்டு செல்கின்றன. இரத்தமோ சிரைகள் வழியே திரும்புகிறது. புவியீர்ப்பை எதிர்த்து அதை மேலேற்றுவது கெண்டைக்காலின் தசையே. நடக்கும்போது அத்தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளில் உள்ள சிறு கதவுகள் அதைக் கீழே வழியவிடாமல் தடுக்கின்றன.

இவ்வேற்பாட்டில் எங்குக் குறை நேர்ந்தாலும் நீர் காலில் தேங்கும். இதயம் தளர்ந்தாலும், சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாவிட்டாலும், இரத்தத்தில் புரதம் குறைந்தாலும், சிரைக் கதவுகள் பழுதடைந்தாலும், நிணநீர்க் குழாய்கள் அடைபட்டாலும் முடிவில் தோன்றுவது ஒரே வீக்கம்தான். எனவே வீக்கத்தை மட்டும் பார்த்து மருந்து சொல்ல இயலாது.

வீட்டிலேயே கேட்டறிய வேண்டிய மூன்று கேள்விகள்

முதற்கேள்வி: வீக்கம் இரு கால்களிலுமா, ஒரு காலில் மட்டுமா? இரண்டாம் கேள்வி: சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ வந்ததா, மாதக்கணக்கில் மெல்ல வளர்ந்ததா? மூன்றாம் கேள்வி: மூச்சுத் திணறல், காய்ச்சல், வலி, சிறுநீர் குறைதல், முக வீக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் உடன் உள்ளதா?

இவற்றோடு ஓர் எளிய சோதனையும் உண்டு. கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின்மீது கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் அங்கு நீர் தேங்கியுள்ளது எனலாம். அழுத்தியும் குழி விழாமல் தோல் தடித்திருந்தால், நெடுநாளைய நிணநீர்த் தேக்கமோ தைராய்டுக் குறையோ காரணமாயிருக்கலாம். இவ்விடைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால், பாதி நோய்க்குறிப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள் என்றே கொள்ளலாம்.

இரு கால்களும் வீங்கினால்

மாலையில் வீங்கி இரவு படுத்து எழுந்தபின் வடிந்துவிடும் வீக்கத்துக்கு நெடுநேரம் நிற்பதோ அமர்ந்திருப்பதோ காரணமாகலாம். நம் மாவட்டத்தில் இதற்கு எடுத்துக்காட்டுகள் பல. "அண்டியாபீஸ்" என்று மக்கள் வழங்கும் முந்திரி ஆலைகளில் பெண்கள் நாள் முழுதும் அமர்ந்தே வேலை செய்கின்றனர். துணிக்கடை விற்பனையாளர்களும் ஆசிரியர்களும் நின்றே பொழுதைக் கழிக்கின்றனர். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகருக்கு மூன்று நாளுக்கும் மேலாக ஓடும் விவேக் விரைவு வண்டியில் பயணம் செய்வோருக்கும், வளைகுடா நாடுகளுக்குப் பறப்போருக்கும் கணுக்கால் கனப்பது இதனாலேயே. கெண்டைத்தசை அசையாவிட்டால் இரத்தம் மேலேறுவதில்லை. நாளடைவில் சிரைக் கதவுகள் பழுதாகி, காலில் நீலநிற நரம்புகள் சுருண்டு புடைக்கும். இதனையே வெரிகோஸ் என்கிறோம்.

காலையிலும் வடியாத வீக்கம் வேறு வகையினது. படுத்தால் மூச்சு முட்டுவதும், இரவில் மூச்சுத் திணறி எழுந்து அமர்வதும், சில படிகள் ஏறினாலே இளைப்பதும் உடன் இருந்தால் இதயத் தளர்ச்சியை ஐயுற வேண்டும். காலையில் கண்ணிமைகள் உப்பியிருப்பதும் சிறுநீரில் நுரை நிலைத்து நிற்பதும் சிறுநீரகத்தைச் சுட்டுகின்றன. வயிறு பெருத்துக் கண்கள் மஞ்சளித்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். இரத்தசோகையும் தைராய்டுக் குறையும் கால் வீக்கமாக வெளிப்படுவதுண்டு.

மருந்தே காரணமாவதும் அரிதன்று. இரத்த அழுத்தத்துக்குப் பலர் உண்ணும் அம்லோடிபின் என்னும் மாத்திரை சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். அவ்வீக்கம் நீர் மாத்திரைக்குப் பெரும்பாலும் பணியாது. மருந்தை மாற்றினாலோ அளவைக் குறைத்தாலோ வடியும். மூட்டுவலிக்கு உண்ணும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை உடலில் உப்பைத் தேக்குவதோடு சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். ஸ்டீராய்டு மருந்துகளும், சர்க்கரை நோய்க்குரிய பயோகிளிட்டசோனும் வீக்கம் தரவல்லவை. ஆயினும் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவது, கால் வீக்கத்தைவிடப் பெருந்தீங்கில் முடியலாம். சீட்டோடு வந்து கேளுங்கள். மாற்று மருந்து உண்டு.

கருவுற்ற பெண்களுக்குக் கடைசி மாதங்களில் கால் சற்று வீங்குவது இயல்பே. ஆனால் ஐந்தாம் மாதத்துக்குப்பின் முகமும் கைகளும் திடீரென வீங்குதல், தீராத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியதன் அறிகுறிகளாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கினால்

ஒற்றைக்கால் வீக்கத்தில் நாங்கள் முதலில் தேடுவது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்துள்ளதா என்பதையே. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், எலும்பு முறிவால் படுத்திருந்தபின்னும், பிள்ளைப்பேற்றை ஒட்டியும், நெடும்பயணத்துக்குப் பின்னும், புற்றுநோயாளரிடமும் இது நேரலாம். கெண்டைக்கால் வலித்து, வெதுவெதுப்பாகி, மற்றைக் காலைவிடப் பருத்துக் காணும். அவ்வுறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து.

இங்கு நாஞ்சில் நாட்டு வழக்கம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கால் வலித்தால் எண்ணெய் தடவி உழிவது நம் மக்களுக்குத் தலைமுறைப் பழக்கம். தசைப்பிடிப்புக்கு அது இதமளிக்கலாம். ஆனால் திடீரென வீங்கிய ஒற்றைக்காலை உழியவே கூடாது. உள்ளே உறைகட்டி இருந்தால் அழுத்தத்தால் அது பெயர்ந்துவிடக்கூடும். முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். உறைவு இல்லை என்று தெரிந்தபின் மற்றவற்றைப் பேசுவோம்.

கால் சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் தோலுக்குள் கிருமி புகுந்த அழற்சி எனக் கொள்ளலாம். சர்க்கரை நோயாளரிடம் இது சில நாட்களிலேயே காலை இழக்கும் நிலைக்குக் கொண்டுபோகலாம்.

குமரி மாவட்டமும் யானைக்கால் நோயும்

ஒற்றைக்கால் வீக்கம் மெல்ல வளர்ந்து ஆண்டுகளாக நீடித்தால், இவ்வட்டாரத்தில் யானைக்கால் நோயையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இம்மாவட்டம் திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்தது. அந்நிலப்பரப்பில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்த நோய் அது. மலையாளத்தில் "மந்து" எனப்படும். எம்.ஓ.டி. ஐயங்கார் என்னும் ஆய்வாளர் திருவிதாங்கூரில் இந்நோயின் பரவலை விரிவாக ஆராய்ந்து 1938-இல் வெளியிட்டார். நோய் தரும் புழுக்கள் இருவகை என்பதும், ஆகாயத்தாமரை போன்ற நீர்த்தாவரங்களின் வேரைப் பற்றி வளரும் கொசு ஒரு வகையையும், சாக்கடையில் பெருகும் கொசு மற்றொரு வகையையும் பரப்புகின்றன என்பதும் அக்காலத்திலேயே தெளிவாயின. குளங்களும் கால்வாய்களும் நிறைந்த நாட்டில் இந்நோய் ஏன் நிலைத்தது என்பதற்கு இதுவே விடை.

கொசுவால் வந்த புழு நிணநீர்க் குழாய்களில் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வாழ்ந்து அவற்றைச் சிதைக்கிறது. நோயை ஒழிக்கும் பொருட்டு ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி. மாத்திரையை மக்களுக்கு வழங்கும் திட்டம் 2004-இல் நாடெங்கும் நோயுள்ள மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. அத்தகைய முயற்சிகளால் புதிய தொற்று பெரிதும் குறைந்தது. ஆனால் முன்னரே சிதைந்த குழாய்களை மாத்திரையால் மீட்க இயலாது. புழு மறைந்தபின்னும் வீக்கத்தோடு வாழ்வோர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு இனி மருத்துவம் இல்லை என்று எண்ணுவது தவறு.

வீக்கத்தை வளர்ப்பது எது?

இத்தகைய கால் ஆண்டுதோறும் பருப்பதற்குப் புழு மட்டும் காரணமன்று. தொடை இடுக்கில் நெறிகட்டி, கால் சிவந்து, நடுக்கத்தோடு வரும் காய்ச்சலே பெருங்காரணம். ஒவ்வொரு முறை காய்ச்சல் வந்து போகும்போதும் கால் முன்னிருந்ததைவிடச் சற்றுப் பருத்துவிடும். தோல் மேலும் தடிக்கும். இக்காய்ச்சலைப் பெரும்பாலும் உண்டாக்குபவை பாக்டீரியாக்கள். அவை உள்ளே நுழையும் வாயில், விரலிடுக்கில் உண்டாகும் சேற்றுப்புண்ணும் குதிகாலின் பித்தவெடிப்பும் ஆகும்.

பிரேசிலின் ரெசிபி நகரில் மருத்துவர் ஜெருசா டிரேயரும் அவருடைய குழுவினரும் இவ்வாயிலை அடைப்பதையே சிகிச்சையின் மையமாக்கினர். நமக்கு அருகில் ஆலப்புழையிலும் இது சோதிக்கப்பட்டது. அங்குள்ள ஆய்வுக் குழு யானைக்கால் நோயாளர்களுக்கு வெவ்வேறு மருந்துகளைக் கொடுத்ததோடு, அனைவருக்கும் பாதப் பராமரிப்பையும் கற்பித்தது. 1999-இல் வெளியான அதன் முடிவு, எந்த மருந்துப் பிரிவில் இருந்தாலும் பாதத்தைச் செவ்வனே பேணியவர்களிடம் காய்ச்சல் வரும் முறைகள் குறைந்தன என்பதைக் காட்டியது. சோப்பும் தண்ணீரும் துணியும் இங்கு மருந்தாகின்றன. இதனை நோயாளர்கள் நம்பத் தயங்குவதைக் காண்கிறோம். செலவில்லாத மருத்துவத்துக்கு மதிப்பில்லை என்னும் எண்ணமே தடையாகிறது.

பாதம் கழுவும் முறை

காலையும் மாலையும் இதனைச் செய்யுங்கள். நீர் சாதாரண வெப்பநிலையில் இருக்கட்டும், சுடுநீர் வேண்டா. சாதாரணக் குளியல் சோப்பே போதும். வீக்கம் தொடங்கும் இடத்திலிருந்து பாதம் வரை கையால் மென்மையாகத் தேய்த்துக் கழுவுங்கள். நாரும் கல்லும் தோலைக் கீறிவிடும், அவற்றைத் தவிருங்கள். தோல் மடிப்புகளையும் ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்துக் கழுவி, சோப்பு முற்றும் நீங்கும் வரை நீர் விடுங்கள்.

பின்னர் தூய பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். விரலிடுக்கில் ஈரம் சற்றும் இருக்கலாகாது. மெல்லிய துணித் துண்டை இடுக்கில் வைத்து ஒற்றலாம். நல்ல வெளிச்சத்தில் இடுக்குகளைப் பாருங்கள். வெண்மையாக ஊறிப்போயிருந்தால் பூஞ்சைக்கான களிம்பும், கீறலோ புண்ணோ இருந்தால் கிருமிநாசினிக் களிம்பும் மருத்துவர் சொன்னபடி தடவுங்கள். குனிய இயலாத முதியவருக்கு வீட்டிலுள்ள ஒருவர் இதைச் செய்து தர வேண்டும்; பத்து நிமிடங்களே ஆகும். நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள். வெளியில் செல்லும்போது இறுக்கமில்லாத செருப்பு அணியுங்கள். வயலில் இறங்கிய நாளில் வீடு திரும்பியவுடன் கழுவுங்கள். இரவு வரை சேற்றோடு இருக்க வேண்டா.

இம்முறை யானைக்கால் நோயாளருக்கு மட்டும் உரியதன்று. சிரைக் கோளாறாலோ சர்க்கரை நோயாலோ கால் பாதிக்கப்பட்ட எவருக்கும் இது காப்பாகும். சர்க்கரை நோயாளர் உள்ளங்காலையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். அவர்களுள் பலருக்கு உணர்ச்சி குன்றியிருப்பதால் சுடுநீர் ஒத்தடம் கொப்புளமாகி, கொப்புளம் புண்ணாகிவிடும்.

உயர்த்துதல், அசைத்தல், உப்பு

நாளில் மூன்று நான்கு முறை, அரைமணி நேரம் படுத்துக் காலை நெஞ்சின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள். கெண்டைக்காலின் கீழே தலையணை முழுதாகத் தாங்க வேண்டும். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுவோர் இதைச் செய்யாமல் மருத்துவரை நாட வேண்டும்.

அமர்ந்தே பணி செய்வோர் மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். அது இயலாவிடின் பாதத்தை மேலும் கீழும் இருபது முறை மடக்கி நீட்டுங்கள். கணுக்காலை வட்டமாகச் சுழற்றுங்கள். நிற்பவர் குதிகாலை உயர்த்தித் தாழ்த்தலாம். காய்ச்சலும் சிவப்பும் உள்ள நாட்களில் பயிற்சி வேண்டா. கால் ஓய்வு பெறட்டும். இறுக்கக் காலுறை பலருக்குப் பயன்தரும். ஆனால் தமனியில் அடைப்புள்ள காலில் அது ஊறு செய்யும். பாதத்தில் நாடித்துடிப்பைப் பார்த்து, அளவெடுத்துத் தந்தபின்னரே அணியுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் அணிவது நல்லது.

உப்பைப் பொறுத்தவரை, ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத அளவு என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கருவாடும் பப்படமும் உப்பிலிட்ட மாங்காயும் கஞ்சியில் இடும் உப்பும் சேர்ந்தால் இவ்வளவு எளிதில் கடந்துவிடும். "இந்துப்பு போடுகிறோம்" என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர், இந்துப்பும் உப்பே. சிறுநீரக நோயாளர் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் இளநீரையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது. தண்ணீரைக் குறைப்பதும் எல்லார்க்கும் பொருந்தாது. எவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் கூறுவார்.

செய்யத்தகாதவை

நீர் மாத்திரை இதயத் தளர்ச்சிக்கு நல்ல மருந்து. நிணநீர்த் தேக்கத்துக்கு அது தீர்வாகாது. காரணம் அறியாமல் உண்டால் உடலின் உப்புச்சத்துகள் சரிந்து, முதியவர் மயங்கி விழவும் நேரும். பெயர் எழுதாத பொட்டல மருந்துகளை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது எதுவென்று எவரும் அறியார். புண்ணின்மேல் இலைச்சாறும் சாம்பலும் இடாதீர்கள். வீங்கிய காலில் கயிறு இறுகியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். நெறிகட்டிக் காய்ச்சல் வந்தால் டி.இ.சி. மாத்திரையைத் தாமாகத் தொடங்காதீர்கள். காலை உயர்த்தி வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியிட்டு, நிறைய நீர் பருகி, அன்றே மருத்துவரைக் காணுங்கள்.

காலம் தாழ்த்தாமல் வர வேண்டிய நிலைகள்

திடீரென ஒரு கால் வீங்கி வலித்தல். வீக்கத்தோடு மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம் அல்லது இருமலில் இரத்தம். காய்ச்சலோடு சிவந்து பரவும் வீக்கம். சிறுநீர் மிகக் குறைதல். கருவுற்ற பெண்ணுக்கு முக வீக்கமும் தலைவலியும். சர்க்கரை நோயாளரின் பாதத்தில் புண்ணோ நிறமாற்றமோ. இவற்றில் எது தோன்றினும் மறுநாள் வரை காத்திராதீர்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் 108 ஊர்தியை உடனே அழையுங்கள். இதயநோயாளர் நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறிக்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால், அது உடலில் தேங்கிய நீரைக் குறிக்கலாம். உடனே தெரிவியுங்கள்.

குடும்பத்தாருக்கு

வீங்கிய காலைச் சேலைக் கரையாலும் சாரத்தாலும் மறைத்துக்கொண்டு, திருமண வீட்டுக்கும் திருவிழாவுக்கும் போகாமல் ஒதுங்கியிருப்போர் பலர். யானைக்கால் நோய் தொட்டாலோ ஒரே தட்டில் உண்டாலோ தொற்றுவதன்று. கொசு வழியாகவே பரவுகிறது. அக்காலைக் கழுவித் துடைத்துவிடும் மகளுக்கோ மருமகளுக்கோ எத்தீங்கும் நேராது. வெட்கத்தால் கழியும் ஆண்டுகளே அக்காலுக்குப் பெருந்தீங்கு.

எங்களிடம் வரும்போது உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும், வலிமாத்திரை உட்பட, ஒரு பையில் இட்டுக் கொண்டுவாருங்கள். கணுக்காலின் சுற்றளவைக் காலையும் மாலையும் நாடாவால் அளந்து ஒரு வாரம் குறித்துவையுங்கள். முந்தைய சிறுநீர், இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்துவாருங்கள். காரணத்தைக் கண்டறிவது எங்கள் கடமை. கண்டறிந்தபின் நாள்தோறும் அக்காலைக் காக்கும் பணி உங்கள் வீட்டுத் திண்ணையில், ஒரு வாளித் தண்ணீரிலும் ஒரு தூய துணியிலும் தொடங்குகிறது. அதனை இன்று மாலையே தொடங்குங்கள்.